அமர்ந்தவரின் இடம், நிறுத்தியவரின் இடம்

எல்லோருக்கும் பொதுவாக உரிய ஒன்றில் தனியொருவர் ஒரு பகுதியை எந்த நியாயத்தால் தனக்கென்று கொள்ளலாம் என்பது, உடைமை பற்றிய மெய்யியல் விவாதங்கள் அனைத்துக்கும் அடியில் கிடக்கும் கேள்வி. காடு, மேய்ச்சல் நிலம், ஆற்றுநீர் ஆகியவற்றை முன்வைத்தே இக்கேள்வி பெரும்பாலும் ஆராயப்பட்டு வந்திருந்தாலும், அது அன்றாட வாழ்வுக்கு மிக அருகில் வந்து நிற்பது நகரத்துச் சாலையின் ஓரத்தில்தான். ஏறத்தாழ 6 மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் உள்ள ஒரு துண்டுத் தரையில் கார் ஒன்று நிற்கிறது. அதன் உரிமையாளர் அங்கே இல்லை, அலுவலகத்திலோ வீட்டிலோ இருக்கிறார். ஆயினும் அவர் திரும்பி வந்து காரை எடுக்கும்வரை அந்தத் தரை வேறு எவருக்கும் கிடைப்பதில்லை. அதே தரையில் நீண்ட இருக்கை ஒன்றைப் போட்டால் ஐந்தாறு பேர் அமரலாம்; அவர்களில் ஒருவர் எழுந்துபோன மறுகணமே அவர் இருந்த இடம் அடுத்து வருபவருக்கு உரியதாகிவிடும். இவ்விரண்டையும் ஒரே தரைக்குப் போட்டியிடும் இரு பயன்பாடுகளாகக் கொண்டு, எது அதிகம் பேருக்கு உதவும் என்று கணக்கிடுவது நகரத் திட்டமிடலுக்குப் போதுமானதாக இருக்கலாம். அறவியலுக்கு அது போதாது. இல்லாதவரின் பிடியும் இருப்பவரின் அமர்வும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவைதாமா என்பதே அதன் முதல் ஐயம்.

நிறுத்துமிடத்தை இருக்கையாக மாற்றும் இன்றைய வழக்கம் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் வேர்கொண்டது. 2005ஆம் ஆண்டில் அந்நகரின் மையப்பகுதியில் 'ரீபார்' என்ற கலை வடிவமைப்புக் குழுவினர், கட்டண நிறுத்துமிடம் ஒன்றின் மீட்டரில் காசு போட்டுவிட்டு, காரை நிறுத்த வேண்டிய தரையில் புல்விரிப்பைப் பரப்பி, ஓர் இருக்கையையும் தொட்டியில் வளர்ந்த மரம் ஒன்றையும் வைத்தனர். மீட்டரில் காசு போடுபவர் அந்தத் தரையைக் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு எடுக்கிறார் என்றால், வாடகைக்கு எடுத்த தரையில் வைக்கப்படுவது காராகவே இருக்க வேண்டும் என்பதற்கு என்ன காரணம் என்பதே அச்செயல் எழுப்பிய வினா. இரண்டு மணி நேரம் முடிந்ததும் அவர்கள் புல்லைச் சுருட்டி எடுத்து, தரையைப் பெருக்கிவிட்டு வெளியேறினர். பின்னர் 'பார்க்கிங் டே' என்ற பெயரில் ஆண்டுதோறும் செப்டம்பரில் பல நாடுகளின் நகரங்களில் இது பின்பற்றப்படலாயிற்று. 2010 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோ நகரின் ஒப்புதலோடு டிவிசடெரோ தெருவில் இத்தகைய முதல் அமைப்பு உருவாகி, அது 'பார்க்லெட்' எனப் பெயர் பெற்றது. குறும்பூங்கா என்று அதைத் தமிழில் சொல்லலாமாயினும், பூங்காவைவிட இருக்கையே அதில் முதன்மையானது என்பதால் பார்க்லெட் என்ற சொல்லே இங்கே கொள்ளப்படுகிறது. 2005ஆம் ஆண்டு நிகழ்வைப் புகழ்ந்தவர்கள் பெரும்பாலும் புல்லையும் மரத்தையுமே படம் பிடித்தார்கள். மெய்யியல் நோக்கில் அங்கே நிகழ்ந்தவற்றுள் கனமானது, ரீபார் குழுவினர் தரையைப் பெருக்கிவிட்டுப் போனதுதான்.

அவர்கள் காசு போட்ட மீட்டரின் பிறப்பும் இதே திசையைக் காட்டுகிறது. உலகின் முதல் பார்க்கிங் மீட்டர் 1935 ஜூலையில் ஓக்லஹோமா சிட்டி நகரில் நிறுவப்பட்டது. மணிக்கு 5 சென்ட் கட்டணம். கடைவீதியில் வேலைபார்ப்பவர்கள் காலையில் நிறுத்திய காரை மாலையில்தான் எடுத்ததால், பொருள் வாங்க வந்தவர்களுக்கு இடமில்லாமல் போனது. இந்தக் குறையைத் தீர்க்கும் பொறுப்பு அந்நகரின் பத்திரிகை ஆசிரியர் கார்ல் மகீயிடம் வந்தபோது உருவான கருவியே அது. அதன் மூலம் கிடைத்த வருவாய் நகராட்சிகளுக்குப் பின்னாளில் இனித்ததேயன்றி, கருவியின் முதல் வேலை உரிய நேரத்தில் இடத்தைவிட்டு எழச் செய்வதாகும். பொதுவிடத்தில் எவரும் எழாமலே இருந்துவிடக் கூடாது என்ற பழைய அறத்தை ஓர் இயந்திரத்தின் வழியே நிறைவேற்ற முயன்ற முயற்சி என்று அதைக் கருதலாம்.

அந்த அறத்தின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று ஸ்டோயிக் சிந்தனையாளர்களிடம் இருக்கிறது. ஸ்டோயிக்குகள் என்போர், கிரேக்கத்தில் கி.மு. 300 அளவில் தோன்றி ரோமில் செழித்த, உலகம் முழுவதையும் ஒரே நகரமாகவும் மனிதர் அனைவரையும் அதன் குடிகளாகவும் கருதிய மெய்யியல் மரபினர். உலகம் எல்லோருக்கும் பொது என்று சொன்னவர்களிடம், அப்படியானால் தனியுடைமைக்கு ஏது இடம் என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. சிசரோ கி.மு. 45இல் எழுதிய நன்மை தீமைகளின் எல்லைகள் பற்றிய நூலில், கேட்டோ என்பவரின் வாய்மொழியாக இதற்கு ஒரு விடை தரப்படுகிறது: நாடக அரங்கு ஊருக்கெல்லாம் பொது என்றாலும், அதில் ஒருவர் அமர்ந்திருக்கும் இருக்கையை அவருடையது என்று சொல்வது முறையே. உவமை எளியது, ஆனால் அதன் எளிமையில் ஒரு தடுமாற்றம் ஒளிந்திருக்கிறது. 'அவருடையது' என்பது எவ்வளவு நேரத்துக்கு, எதற்காக என்று சிசரோவின் நூல் நின்று விளக்கவில்லை.

அவ்விளக்கத்தைச் சுமார் ஒரு நூற்றாண்டுக்குப் பின் செனெகா தந்தார். ரோமில் குதிரைவீரர் வகுப்பு என்று அழைக்கப்பட்ட செல்வர் வகுப்பினருக்கு அரங்கில் தனி வரிசைகள் ஒதுக்கப்பட்டிருந்தன. நன்கொடைகள் பற்றிய தமது நூலில் செனெகா இந்த வரிசைகளை எடுத்துக்கொண்டு, அவை வகுப்பினர் அனைவருக்கும் பொது என்றும், ஆயினும் தாம் அமர்ந்த இடம் தமக்குரியது என்றும், தாம் வரும்போது வரிசை நிறைந்திருந்தால் அங்கே அமரும் உரிமை இருப்பதால் இடம் உண்டு, அதே உரிமையுடைய பிறர் அமர்ந்துவிட்டதால் இடம் இல்லை என்று இரண்டையும் ஒருசேரச் சொல்லலாம் என்றும் வாதிடுகிறார். அதைவிட முக்கியமானது அடுத்து அவர் இடும் வரம்பு: அரங்கில் தமக்குள்ள இடம் விற்பதற்கோ, வாடகைக்கு விடுவதற்கோ, குடியிருப்பதற்கோ உரியதன்று, காட்சியைக் காண்பதற்கு மட்டுமே உரியது. பொதுவிடத்தில் தனியொருவருக்குக் கிடைக்கும் உரிமை, அந்த இடம் எதற்காக இருக்கிறதோ அந்த நோக்கத்தின் அளவுக்கே நீளும், அதற்கு மேல் நீளாது என்பதே இதன் உட்பொருள். சாலை எதற்காக இருக்கிறது என்று கேட்டால், வருவதற்கும் போவதற்கும், வழியில் ஒருவரையொருவர் காண்பதற்கும் சற்று இளைப்பாறுவதற்கும் என்று விடை வரும். இரவு முழுதும் ஓர் இரும்புப் பொருளைப் பூட்டி வைப்பதற்கு என்று எவரும் சொல்வாரா என்பது ஐயமே.

செனெகாவின் அரங்கை நான்காம் நூற்றாண்டில் கிறித்தவ இறையியல் எடுத்து வேறு பக்கம் திருப்பியது. கப்பதோக்கியா நாட்டுச் செசரியாவின் ஆயராக இருந்த பசிலியார், தானியக் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனைப் பற்றிய மறையுரையில், செல்வர்களை, அரங்குக்கு முதலில் வந்து உட்கார்ந்துகொண்டு, எல்லோருக்கும் பொதுவான இடத்தைத் தம்முடையது என்று சொல்லிப் பின்னால் வருபவர்களை நுழையவிடாமல் தடுப்பவரோடு ஒப்பிட்டார். சிசரோவிடம் உடைமையை நியாயப்படுத்திய உவமையே இங்கே அதைக் குற்றம்சாட்டுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் தமது இறையியல் சுருக்க நூலில் பசிலியாரின் இச்சொற்களை எதிர்வாதமாக நிறுத்தி, பொதுவாக இருந்த ஒன்றை முந்திக்கொண்டு எடுப்பதில் தவறில்லை, பிறரை அதன் பயனிலிருந்து கண்மூடித்தனமாக விலக்குவதே பாவம் என்று விடை கண்டார். இவ்விடை சமரசம்போலத் தோன்றினாலும், முதலில் வந்தவர் என்ற தகுதி மட்டும் எதையும் நிலைநாட்டாது, பின்னால் வருபவருக்கு அது என்ன செய்கிறது என்பதே அளவுகோல் என்பதை அது தெளிவாக வைக்கிறது.

முதலில் வருவது ஒருபுறம் இருக்க, உழைப்பே உடைமையைத் தருகிறது என்பார் ஜான் லாக். 1689இல் வெளிவந்த அவரது ஆட்சியியல் நூலின்படி, பொதுவாகக் கிடக்கும் ஒன்றில் ஒருவர் தம் உழைப்பைக் கலந்துவிட்டால், பிறருக்கும் போதிய அளவும் அதே தரத்தில் மிஞ்சியிருக்கும் வரையில், அது அவருடையதாகிறது. இக்கொள்கை சாலையோரத்தில் எப்படி இருக்கும் என்பதை அமெரிக்காவின் பனிக்கால நகரங்களில் பார்க்கலாம். சிகாகோவிலும் பாஸ்டனிலும் பெரும்பனி பெய்தபின் காரைச் சுற்றிய பனியை வாரி எறிந்தவர், கார் வெளியே போனபின் அந்த இடத்தை வேறொருவர் எடுத்துவிடாதபடி பழைய நாற்காலி ஒன்றை அங்கே வைத்துவிட்டுப் போவதுண்டு. பாஸ்டன் நகரம் பனி அவசரநிலை முடிந்தபின் 48 மணி நேரம்வரை இதைப் பொறுத்துக்கொள்கிறது. பேருந்தின் சன்னல் வழியே துண்டைப் போட்டு இடம்பிடிக்கும் வழக்கத்தை அறிந்த தமிழ் வாசகருக்கு இதில் வியப்பிருக்காது. வியப்பு வேறிடத்தில் இருக்கிறது: அந்த நாற்காலி எவரும் அமர்வதற்காக அங்கே இல்லை, இல்லாத காருக்கு அது பதிலாள், அந்தக் காரோ இல்லாத மனிதருக்குப் பதிலாள். வாரிய பனி உருகிப்போன பின்னும் அந்த உழைப்பின் பெயரால் உரிமை கோர முடியுமா என்ற கேள்விக்கு லாக்கிடம் விடையில்லை. 48 மணி நேரம் என்ற நகர விதியில்தான் ஓரளவு இருக்கிறது.

இல்லாமையையும் உடைமையையும் இணைத்துச் சிந்தித்தவர்களில் இம்மானுவேல் காண்ட் போல ஆழமாகச் சென்றவர் இல்லை. தமிழ்நாட்டுக் கிரயப் பத்திரங்கள் 'சுவாதீனம்' என்றும் 'பாத்தியதை' என்றும் இரண்டைப் பிரித்துப் பேசுகின்றன. முன்னது ஒரு பொருளைக் கைக்கொண்டு வைத்திருக்கும் நிலை, பின்னது அதன்மேலுள்ள உரிமை. 1797இல் வெளியான ஒழுக்கவியலின் மெய்ப்பொருளியலில் காண்ட் ஏறத்தாழ இதே பிரிவினையிலிருந்து தொடங்குகிறார். கையில் பிடித்திருக்கும் ஆப்பிளை, பிடித்திருப்பதால் மட்டுமே ஒருவர் தம்முடையது என்று சொல்லிவிட முடியாது. அதை எங்கோ வைத்துவிட்டுப் போன பின்னும் அது தம்முடையதே என்று சொல்ல முடிந்தால்தான் அது அவருடைய உடைமை. படுத்திருக்கும் நிலத்துக்கும் இதே விதியை அவர் விரிக்கிறார்: உடல் அங்கே கிடப்பதால் நிலம் சொந்தமாவதில்லை, எழுந்து போன பின்னும் அதன்மேல் உரிமை நீடித்தால்தான் சொந்தம். அவ்வாறு நீடிக்கும் உரிமையை ஒருவர் தனியே தமக்கு வழங்கிக்கொள்ள இயலாது. பிறர் எல்லோரையும் விலகியிருக்கக் கட்டுப்படுத்தும் உரிமையாதலால், எல்லோருடைய ஒன்றிணைந்த விருப்பமே அதை வழங்க முடியும் என்பது காண்டின் முடிவு.

இந்த அளவுகோலைச் சாலையோரத்தில் வைத்துப் பார்த்தால் நிலைமை தெளிவாகிறது. காரின்மேல் அதன் உரிமையாளருக்குப் பாத்தியதை உண்டு. அவர் ஆயிரம் காதம் தள்ளிப் போனாலும் கார் அவருடையதே. ஆனால் காருக்குக் கீழே உள்ள தரைமீது அவருக்கு அத்தகைய பாத்தியதை எதுவும் இல்லை. காரின்மேலுள்ள உரிமை, ஈரச்சுவரில் நீர் கசிவதுபோல, கீழே உள்ள தரைக்கும் கசிந்து இறங்கிவிடுவதால்தான், அந்தத் தரையும் தம்முடையது என்ற உணர்வு அவருக்கு உண்டாகிறது. பார்க்லெட் அமைக்கப்படும் நகரங்களிலெல்லாம் தம் இடம் பறிக்கப்பட்டதாக வாகன உரிமையாளர்கள் எழுப்பும் குரல் இந்தக் கசிவிலிருந்தே பிறக்கிறது. அவர்களிடம் இருந்தது ஓர் இசைவு. இசைவைத் திரும்பப் பெறுவது பறிப்பதாகாது. அதேவேளை, இருக்கையில் அமர்ந்திருப்பவருக்கும் காண்டின் கணக்கில் உடைமை எதுவும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவரிடம் இருப்பது உடலின் இருப்பு மட்டுமே. ஆனால் அவர் அதற்குமேல் எதையும் கோரவில்லை. எழுந்ததும் அவரது கோரிக்கையும் அவரோடு எழுந்துவிடுகிறது.

பொதுவழியில் நிறுத்துவது ஓர் இசைவு மட்டுமே என்பதைச் சட்டமும் முற்றிலும் மறந்துவிடவில்லை. 1812இல் இலண்டனின் சாரிங் கிராஸ் பகுதியில் பயண வண்டிகள் நெடுநேரம் நின்று வழியை அடைத்த வழக்கில், தலைமை நீதிபதி எல்லன்பரோ பிரபு, பயணிகளை ஏற்றி இறக்கத் தேவையான நேரம் வண்டி நிற்கலாமென்றும், பெருவழியைக் குதிரைக் கொட்டில்போலப் பயன்படுத்தலாகாதென்றும் தீர்ப்பளித்தார். ஜப்பானில் 1962இல் இயற்றப்பட்ட சட்டம், கார் வாங்க விரும்புபவர் அதை நிறுத்தச் சாலைக்கு வெளியே தமக்கு இடம் உண்டு என்று சான்று காட்ட வேண்டும் என்கிறது. கார்கள் தம் வாழ்நாளில் ஏறத்தாழ 95 சதவீத நேரம் நின்றுகொண்டே இருக்கின்றன என்று கணக்கிட்ட பொருளியலாளர் டொனால்ட் ஷூப், இலவச நிறுத்தத்தின் உயர்விலையைப் பற்றி 2005இல் ஒரு பெருநூலே எழுதினார். விலை என்ற கோணத்திலிருந்து அவர் கண்டதைத்தான் குதிரைக் கொட்டில் என்ற கோணத்திலிருந்து எல்லன்பரோ கண்டார்.

இதுவரை பேசப்பட்டது உரிமை. சமய மரபுகள், குறிப்பாக யூத மரபும் இஸ்லாமிய மரபும், பொதுவழியை அணுகும்போது உரிமையைவிடக் கடனையே முதலில் வைக்கின்றன. யூதர்களின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பாகிய மிஷ்னாவில், பொதுவழியில் ஒருவர் குடத்தை வைத்துவிட்டுப் போக, மற்றொருவர் தடுக்கி விழுந்து அதை உடைத்துவிட்டால், உடைத்தவர் ஈடு தர வேண்டியதில்லை என்ற விதி உண்டு. பொதுவழியில் விடப்பட்ட பொருளுக்கு விட்டவரே பொறுப்பு. அதன் விரிவுரையான பாபிலோனியத் தால்முதில் வரும் கதை இன்னும் நுட்பமானது. தன் நிலத்திலிருந்த கற்களைப் பொறுக்கிப் பொதுவழியில் எறிந்துகொண்டிருந்த ஒருவனைப் பார்த்து, உன்னுடையதல்லாத இடத்திலிருந்து உன்னுடைய இடத்துக்கு ஏன் எறிகிறாய் என்று ஒரு பெரியவர் கேட்க, அவன் நகைத்தான். பின்னாளில் நிலத்தை விற்க நேர்ந்து, அதே வழியில் நடந்தபோது தான் எறிந்த கல்லிலேயே இடறினான். தனியுடைமை கைமாறக்கூடியது, பொதுவழி ஒருவரைவிட்டு ஒருபோதும் கைமாறாதது என்பதால், உண்மையில் எவருக்கும் சொந்தமென்று சொல்லத்தக்கது பொதுவழியே என்ற தலைகீழான உண்மை அக்கதையில் இருக்கிறது. நிலையானதை நிலையற்றதாகவும் நிலையற்றதை நிலையானதாகவும் எண்ணும் மயக்கத்தை மெய்யியல் பல நூல்களில் விரித்துரைத்திருக்கிறது. ஒரு கல்லை வைத்து அதைச் சொன்ன சிக்கனம் தால்முதுக்கு உரியது.

நபிமொழித் தொகுப்புகளாகிய ஹதீஸ்களில் புகாரியும் முஸ்லிமும் பதிவுசெய்துள்ள ஒரு செய்தி பார்க்லெட்டுக்கு நேரடியாகவே பொருந்துகிறது. வழிகளில் அமர்வதைத் தவிர்க்குமாறு நபிகள் தம் தோழர்களிடம் கூற, அவர்கள் தங்களுக்குப் பேசிக்கொள்ள வேறிடம் இல்லை என்றார்கள். அமர்ந்தே ஆக வேண்டுமென்றால் வழிக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று அவர் சொன்னார். அது என்ன என்று கேட்டபோது, பார்வையைத் தாழ்த்துவதும், பிறருக்குத் துன்பம் தராதிருப்பதும், முகமனுக்கு மறுமொழி கூறுவதும், நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பதும் என்று விடை வந்தது. இங்கே உரிமை அமர்பவருக்கு வழங்கப்படவில்லை, வழிக்கு வழங்கப்படுகிறது. அமர்பவர் வழிக்குக் கடன்பட்டவராகிறார். கடன் செலுத்தக்கூடியவர் அங்கே இருப்பவர் மட்டுமே. நிறுத்திவிட்டுப் போன கார் பார்வையைத் தாழ்த்த முடியாது, முகமனுக்கு மறுமொழி கூற முடியாது. ஆயினும் இம்மரபு இல்லாமையை அடியோடு மறுத்ததும் இல்லை: தம் இருக்கையிலிருந்து எழுந்து சென்று திரும்புபவருக்கே அதில் முன்னுரிமை என்று மற்றொரு ஹதீஸ் சொல்கிறது. இடையில் சிறிது விலகியிருப்பது மனித இயல்பு. அதை அறம் பொறுத்துக்கொள்ளும். பொறுத்துக்கொள்ள இயலாதது, திரும்பும் எண்ணத்தையே வேலியாக்கி நாள்முழுதும் இடத்தை அடைத்துவைப்பது.

இவ்வளவும் இருக்கையின் பக்கமே சாய்வதுபோல் தோன்றலாம். நடைமுறையில் பார்க்லெட் தன் வாக்குறுதியை எவ்வளவு காப்பாற்றியது என்று பார்த்தால் அந்தச் சாய்வு குறைகிறது. சான் ஃபிரான்சிஸ்கோவின் தொடக்ககாலத் திட்டத்தில் அருகிலுள்ள கடைக்காரரோ அமைப்போ செலவு செய்து பார்க்லெட்டைக் கட்டிப் பராமரிக்க வேண்டும். ஆனால் அங்கே எவரும் அமரலாம், எதையும் வாங்க வேண்டியதில்லை என்ற அறிவிப்புப் பலகை இருந்தாக வேண்டும். மேசைக்கு வந்து பரிமாறுவதும் அனுமதிக்கப்படவில்லை. விதி நேர்மையானது. ஆயினும் காப்பிக் கடையின் வாசலில், அதே கடையின் கோப்பைகளுக்கு நடுவே, எதையும் வாங்காமல் அமர்ந்திருக்க ஒருவருக்கு வேண்டிய துணிவைப் பலகை தருவதில்லை. 2020இல் கொரோனா பெருந்தொற்றின்போது உணவகங்கள் சாலையோரத்திலேயே பரிமாற இடம்கொடுக்கும் திட்டம் வந்தது. 2021இல் அது நிரந்தரமாக்கப்பட்டபோது, பொதுவான பார்க்லெட்டுகளோடு வணிகப் பயன்பாட்டுக்கான பார்க்லெட்டுகளும் சட்டத்தில் இடம்பெற்றன. தொழிலிழந்து தவித்த உணவகங்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் செனெகாவின் வரம்பை நினைவில் கொண்டால், காட்சியைக் காண்பதற்கு உரிய இடம் வாடகைக்கு விடப்படும் இடமாக மாறியது அப்போதுதான். காரின் பிடியிலிருந்து விடுபட்ட தரை கல்லாப்பெட்டியின் பிடிக்குள் வந்துவிட்டால், இல்லாத உரிமையாளருக்குப் பதில் இருக்கும் உரிமையாளர் கிடைத்தார் என்பதைத் தவிர வேறெதுவும் நிகழவில்லை.

இதைவிடக் கடுமையான முரண் அதே நகரில், அதே ஆண்டில் நிகழ்ந்தது. முதல் பார்க்லெட் உருவான 2010ஆம் ஆண்டின் நவம்பரில், காலை 7 மணி முதல் இரவு 11 மணி வரை நடைபாதையில் உட்காருவதையோ படுப்பதையோ தடைசெய்யும் 'எல்' முன்மொழிவைச் சான் ஃபிரான்சிஸ்கோ வாக்காளர்கள் நிறைவேற்றினர். நகரின் கடைவீதிகளில் தங்கியிருந்த வீடற்றவர்களும் அலைந்து திரியும் இளைஞர்களும்தாம் அதன் இலக்கு என்பது அக்கால விவாதங்களில் மறைக்கப்படவில்லை. அச்சட்டத்தின் விலக்குகள் தடையைவிட அதிகம் பேசுகின்றன: அனுமதி பெற்ற நடைபாதைக் கடையின் வாடிக்கையாளராக அமர்ந்திருப்பவருக்கும், முறைப்படி போடப்பட்ட இருக்கையில் அமர்ந்திருப்பவருக்கும் தடை பொருந்தாது. ஒரே நடைபாதை, ஒரே உடல், ஒரே செயல். தரைக்கும் உடலுக்கும் இடையே ஒரு பலகை இருந்தால் அது நகர வாழ்வின் அழகு, இல்லாவிட்டால் குற்றம். பசிலியார் குறைகூறிய அரங்கின் வாயிற்காவலன் இங்கே ஒரு நாற்காலியின் வடிவில் நிற்கிறான்.

சட்ட மெய்யியலாளர் ஜெரமி வால்ட்ரன் 1991இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இதன் வேரைத் தொட்டார். மனிதச் செயல் ஒவ்வொன்றும் எங்காவது ஓரிடத்தில் நிகழ்ந்தாக வேண்டும்; ஒரு செயலைச் செய்ய எந்த இடத்திலும் அனுமதி இல்லாதவருக்கு அச்செயலைச் செய்யும் சுதந்திரமே இல்லை. வீடுள்ளவர் தெருவில் உட்காரத் தடை வந்தால் வீட்டில் உட்காருவார். தனியிடம் எதுவும் இல்லாதவருக்கு உள்ளதெல்லாம் பொதுவிடமே என்பதால், பொதுவிடத்தில் ஒரு செயலைத் தடுப்பது அவருக்கு அச்செயலை உலகத்திலிருந்தே நீக்குவதாகிறது. தடை எல்லோருக்கும் ஒரேபோல எழுதப்பட்டிருப்பது இதில் எந்த ஆறுதலையும் தருவதில்லை. 2024இல் கிராண்ட்ஸ் பாஸ் நகர வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பொதுவிடங்களில் தங்கித் தூங்குவதைத் தண்டிக்கும் ஊர்விதிகள் செல்லும் என்று 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தபின், வால்ட்ரனின் வாதம் நீதிமன்றத்தைவிட்டு மெய்யியல் வகுப்புக்கே திரும்பிவிட்டது.

இருப்பவரின் அமர்வே இல்லாதவரின் பிடியைவிட மேல் என்ற கோட்பாட்டை உண்மையாகவே ஏற்பவர், அது தமக்கு உவப்பில்லாத முடிவுகளுக்குக் கொண்டுசென்றாலும் உடன்செல்லக் கடமைப்பட்டவர். அமெரிக்காவின் மேற்குக்கரை நகரங்களில் வாடகை கொடுக்க இயலாமல் காரிலும் வேனிலும் குடியிருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் உள்ளனர். அவர்களைப் பொறுத்தவரை நிறுத்தப்பட்ட வாகனம் இல்லாத மனிதருக்குப் பதிலாள் அன்று. மனிதரே உள்ளே இருக்கிறார். செனெகா அரங்கில் குடியிருப்பதை விலக்கினார் என்பது உண்மை. ஆனால் அவர் பேசியது அரங்கைவிட்டு எழுந்தால் போய்ச் சேர வீடுள்ள குதிரைவீரர்களைப் பற்றி. எழுவதற்கு வேறிடம் இல்லாதவரிடம் எழுந்துபோகும் அறத்தைப் போதிப்பது அறமாகாது. ஆகவே, ஒரு வேனில் உறங்கும் குடும்பத்தை அப்புறப்படுத்திவிட்டு அந்த இடத்தில் பூந்தொட்டியும் இருக்கையும் வைக்கும் நகரம், பார்க்லெட் என்ற பெயரைக் கொண்டு பார்க்லெட்டின் நியாயத்தையே உடைக்கிறது. வெறும் கார் நின்ற இடத்தில் இருக்கை போடுவதையும் இதையும் ஒரே பட்டியலில் எண்ணும் திட்ட அறிக்கை எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டாலும் அறவியல் நோக்கில் தவறானது. மாற்றுத்திறனாளியின் வண்டி, நோயாளியை இறக்கும் வண்டி, சரக்கு இறக்கும் வண்டி ஆகியவை எல்லன்பரோவின் தீர்ப்பிலேயே அடங்கிவிடுவதால் அவற்றைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை; அவை நிற்கின்றன, தங்குவதில்லை.

நிறுத்துமிடத்தை இருக்கையாக மாற்றுவது நியாயமா என்ற கேள்விக்கு, மாற்றப்பட்ட இருக்கையில் யார் அமரலாம் என்பது தெரியாமல் விடை சொல்ல முடியாது. எதையும் வாங்காதவரும், நல்லாடை இல்லாதவரும், நெடுநேரம் எழ மனமில்லாதவரும் அமர முடிந்தால் அது நியாயம். முடியாவிட்டால் காரை அங்கேயே நிற்க விட்டிருக்கலாம், குறைந்தபட்சம் அது பொது என்று பொய் சொல்வதில்லை. 2010 நவம்பரில் நிறைவேறிய தடை சான் ஃபிரான்சிஸ்கோவின் காவல் விதித்தொகுப்பில் 168ஆம் பிரிவாக இன்றும் இருக்கிறது.